ஒற்றைத் தலையிடி: எனக்கு எது கைகொடுத்தது

கேள்வி: "எனக்கு 29 வயது. மாதத்தில் ஐந்தாறு தடவை ஒற்றைத் தலைவலி வருகிறது, வாந்தியும் சேர்ந்து வருகிறது. சாப்பாட்டை மாற்றியோ வீட்டு மருந்தாலோ சுகம் கண்டவர்கள் இருக்கிறீர்களா? இல்லை, காலம் முழுக்க மாத்திரைதானா?"

சுகம் கண்ட ஒருத்தியாக எழுதுகிறேன். முற்றாக மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். 18 வருடமாக இந்தத் தலையிடியோடு இருக்கிறேன். (யாழ்ப்பாணத்தில் நாங்கள் தலையிடி என்றுதான் சொல்வோம், அப்படியே எழுதுகிறேன்.) ஐந்து வருடத்துக்கு முன் மாதத்தில் பாதி நாள் எனக்குத் தலையிடி நாள். இப்போது இரண்டு, மிஞ்சினால் மூன்று. சாப்பாடு, கைமருந்து, குளிசை (மாத்திரை) மூன்றும் உதவின. ஆனால் மூன்றையும் நான் நேரம் தவறிச் செய்துகொண்டிருந்த வரைக்கும் ஒன்றும் உதவவில்லை. அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு பிழையைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் அதைச் செய்துகொண்டிருக்கலாம். நான் பள்ளிக்கூட ஆசிரியை. லீவு போட ஏலாது, பிள்ளைகளின் சத்தத்தில் நிற்க வேண்டும். அதனால் வீதிமுனை மருந்துக்கடையில் "தலையிடிக்குத் தாங்கோ" என்று கேட்பேன். சின்னக் கடதாசிப் பையில் இரண்டு வெள்ளை, ஒரு மஞ்சள் போட்டுத் தருவார்கள். பெயரும் இருக்காது, அளவும் இருக்காது. அதற்கு மேலே பனடோல் (பரசிற்றமோல்). தலை இடித்தாலும் போடுவேன், இடித்துவிடுமோ என்ற பயத்திலும் போடுவேன். இரண்டு வருடத்தில் குளிசை போடாத நாள் அரிதாகப் போயிற்று. காலையில் எழும்பும்போதே தலைக்குள் ஒரு பாரம்.

கடைசியில் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் கேட்டது ஒன்றே ஒன்று: "மாதத்தில் எத்தனை நாள் குளிசை போடுறீங்கள்?" எண்ணிப் பார்த்து 25 என்றேன். "அப்ப உங்கட தலையிடியில பாதியை அந்தக் குளிசைதான் தருது" என்றார். நம்ப முடியவில்லை. ஆனால் அது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விசயம். பரசிற்றமோல், இபுபுரோபன் போன்ற சாதாரண வலிக்குளிசைகளை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், பல மருந்து சேர்ந்த கலவைக் குளிசைகளையும் ஒற்றைத் தலையிடிக்கென்றே உள்ள டிரிப்டான் வகையையும் 10 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கு மேலாகப் போட்டுவந்தால், மருந்தே தலையிடியை வளர்க்கத் தொடங்கும். நிறுத்தினால் முதலில் கூடும், பிறகுதான் குறையும். எனக்கு முதல் பத்து நாள் பொல்லாத நாட்கள். சன்னலுக்கு என் கணவருடைய பழைய சாரத்தைக் கட்டி அறையை இருட்டாக்கி, வாளியைக் கட்டிலடியில் வைத்துக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் கிழமை ஒரு விடியற்காலை எழும்பினேன், தலை லேசாக இருந்தது. அப்படி ஒரு காலை எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது. உங்களுக்கு ஐந்தாறு தடவைதான் என்கிறீர்கள். குளிசை நாட்களை இப்போதே எண்ணிப் பாருங்கள், இன்னும் கூடவில்லை என்றால் நல்ல காலம்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். எல்லாரும் ஒரு பட்டியல் தருவார்கள். எனக்கும் தந்தார்கள்: கருவாடு வேண்டாம், கத்தரிக்காய் வேண்டாம், தயிர் வேண்டாம், தோடம்பழம் வேண்டாம். எல்லாவற்றையும் விட்டேன். உடம்பு மெலிந்தது, தலையிடி அப்படியே இருந்தது. பிறகு டொக்டர் சொன்னபடி ஒரு கொப்பியில் மூன்று மாதம் எழுதிப் பார்த்தபோது, கருவாடு சாப்பிட்ட நாளுக்கும் தலையிடிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தொடர்பு இருந்தது இரண்டு நாட்களுக்கு: வெள்ளியும் ஞாயிறும்.

வெள்ளிக்கிழமை விரதம். விடிய ஒரு பிளேன்ரீயோடு பள்ளிக்கூடம் போய், ஒன்றரைக்கு விட்டு, வீட்டுக்கு வந்து குளித்துக் கும்பிட்டுச் சோறு தின்ன இரண்டரை மூன்று ஆகும். நாலு மணிக்கு இடது கண்ணுக்கு மேலே விண் விண் என்று தொடங்கும். இது பசி. மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலையிடி, உள்ள மூளைக்கு வெறும் வயிறு ஆகாது, அவ்வளவுதான். விரதத்தை விட எனக்கு மனம் வரவில்லை. அம்மம்மாவிடம் சொன்னேன், ஆயுள் முழுக்க கந்தசஷ்டி ஆறு நாளும் இளநீரோடு இருந்த மனுசி அவர். "பிள்ளை, முருகன் உன்னைப் பட்டினி கிடக்கச் சொல்லிக் கேட்டவரோ?" என்றார். இப்போது வெள்ளியும் பிடிக்கிறேன், சஷ்டியும் பிடிக்கிறேன். காலையில் பாலும் இரண்டு கதலியும், இன்ரவலுக்கு அவித்த கடலை ஒரு கை, இடையில் தண்ணீர். மச்சம் (மீன், இறைச்சி) இல்லை, ஒரு நேரச் சோறு, ஆனால் நாலு மணித்தியாலத்துக்கு மேல் வயிற்றைக் காயவிடுவதில்லை.

ஞாயிறு வேறு கதை. பள்ளிக்கூட நாளில் நாலரைக்கு எழும்பி ஐந்துக்கு முதல் தேத்தண்ணி. பிறகு பகலில் இன்னும் நாலு. ஞாயிறு என்று ஒன்பது மணிவரை படுத்தால், முதல் நாள் பின்னேரம் குடித்த தேத்தண்ணிக்கும் இதற்கும் இடையில் 16, 17 மணித்தியாலம். தேத்தண்ணியில் இருக்கிற கஃபீன் பழகிய உடம்பு அது கிடைக்காமல் போனால் தலையிடியால்தான் கேட்கும். கூடுதலாகத் தூங்குவதும் மைக்ரேனைத் தூண்டும். இரண்டும் ஒரே நாளில். நான் தேத்தண்ணியை ஒரே நாளில் விடவில்லை, கிழமைக்கு ஒரு கோப்பையாகக் குறைத்து இரண்டில் நிறுத்தினேன். ஞாயிறும் ஐந்தரைக்கு எழும்புகிறேன், வேண்டுமென்றால் மத்தியானம் அரை மணி நேரம் படுப்பேன். ஞாயிற்றுத் தலையிடி இரண்டு மாதத்துக்குள் போய்விட்டது. இவ்வளவு காலம் ஓய்வு நாளில் ஏன் தலை இடிக்கிறது என்று அழுதிருக்கிறேன்.

இன்னொன்று பனங்கட்டி (கருப்பட்டி). தலையிடி வரும் நாளுக்கு முதல் நாள் பின்னேரம் நான் பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணி குடித்திருப்பேன், எப்போதும். இதுதான் காரணம் என்று ஒரு வருடம் பனங்கட்டியை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. தலையிடி வரத்தான் செய்தது. பிறகுதான் விளங்கியது: தலை வலிப்பதற்கு மணிக்கணக்கில், சிலருக்கு ஒரு நாள் முன்பே, மைக்ரேன் மூளையில் தொடங்கிவிடுகிறது. கொட்டாவி, பிடரி இறுக்கம், காரணமில்லாத எரிச்சல், இனிப்பு ஆசை எல்லாம் அதன் முன்னறிவிப்பு. வெளிநாட்டில் சொக்லேட்டின் மேல் போடும் பழியும் பல பேருக்கு இப்படிப்பட்டதுதான். இப்போது அதை என் மகள் கண்டுபிடித்துவிடுகிறாள். "அம்மா, இண்டைக்கு மூண்டாம் தரம் பனங்கட்டிப் போத்தல் திறக்கிறீங்கள்" என்பாள். அன்றைக்கு நான் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்து, தண்ணீர் குடித்து, கொப்பி திருத்தாமல் படுத்துவிடுவேன். பாதி நாள் அது அதோடு அடங்கிவிடும்.

கைமருந்துகளை நான் ஒதுக்கமாட்டேன், அவற்றில் வளர்ந்தவள். எனக்கு உண்மையாகவே உதவுவது இஞ்சி. ஒரு பெருவிரல் அளவு இஞ்சியைத் தட்டிக் கொதிக்கவைத்து, சீனி குறைவாக, சூடு ஆறிய பிறகு வாய் வாயாகக் குடிப்பேன். சத்தி (வாந்தி) வருவது குறையும். இஞ்சியைப் பற்றிச் சின்ன அளவில் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன, கொஞ்சம் பலன் காட்டியிருக்கின்றன. அடுத்தது ஈரத்துணி. கிணற்றுத் தண்ணீரில் நனைத்து நெற்றியிலும் பிடரியிலும் போட்டு, இருட்டில் படுப்பது. வேர்க்கொம்பு (சுக்கு) உரைத்துப் பத்துப் போடுவது சிலருக்குச் சுகம். எனக்கு ஒருமுறை மொத்தமாகப் போட்டு இரா முழுக்க விட்டதில் நெற்றித் தோல் வெந்து கறுத்தது. போடுவதென்றால் மெல்லியதாக, எரியத் தொடங்கினால் கழுவிவிடுங்கள். சித்தாலேப, கோடாலித் தைலம் பற்றிக் கேட்பீர்கள். மைக்ரேன் நேரத்தில் மணம் பிடிக்காது. என் கணவர் அன்போடு நெற்றியில் தடவிவிட, அந்த மணத்துக்கே சத்தி எடுத்திருக்கிறேன். உங்களுக்கு ஒத்துக்கொண்டால் தடவுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால் கைதடி சித்த வைத்தியசாலை போல முறையாகப் படித்தவர்கள் இருக்கிற இடத்துக்குப் போங்கள். என்ன கலந்தது என்று சொல்லாத சூரணத்தை மாதக்கணக்கில் தின்னாதீர்கள். எது குடித்தாலும் இரண்டு பக்க வைத்தியருக்கும் சொல்லுங்கள்.

இனிக் குளிசை. மைக்ரேன் வந்தால் வயிறும் மந்தமாகிவிடும், உள்ளே போனது கீழே இறங்காது. இரண்டு மணித்தியாலம் பல்லைக் கடித்துப் பொறுத்துவிட்டு, தாங்க ஏலாமல் போட்டால் குளிசை வயிற்றிலேயே கிடக்கும், அல்லது சத்தியோடு வெளியே வரும். நான் 10 வருடம் அப்படித்தான் செய்தேன், பொறுமை நல்லது என்று நினைத்து. இப்போது வலி சின்னதாக இருக்கும்போதே, முதல் அரை மணிக்குள் போட்டுவிடுகிறேன். டொக்டர் எழுதித் தந்தது நப்ரொக்சன் என்ற வலிக்குளிசை, கூடவே சத்திக்கு டொம்பெரிடோன். இரண்டு கிரீம் கிறாக்கர் பிஸ்கட் கடித்துவிட்டுத்தான் போடுவேன். கிழமைக்கு இரண்டு நாளுக்கு மேல் இல்லை. பரசிற்றமோல் மட்டும் போதுமான ஆட்களும் உண்டு. வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராமில் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. இவை கேட்காவிட்டால் சுமட்ரிப்டான் போன்றவை இருக்கின்றன, இருதய வருத்தம் உள்ளவர்களுக்கு அவை ஆகாது. ஒரு விசயம் கவனம்: மாரி காலத்தில் இங்கே டெங்கு வரும். காய்ச்சலோடு தலையிடி என்றால் நப்ரொக்சன், இபுபுரோபன், அஸ்பிரின் தொடக்கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும்.

மாதத்தில் நாலு நாளுக்கு மேல் வந்தால் தடுப்புக் குளிசை பற்றிக் கேட்கலாம். உங்களுக்கு ஐந்தாறு என்பதால் கட்டாயம் கேளுங்கள். இது வலிக்குப் போடுவதில்லை, வராமல் இருக்கத் தினமும் போடுவது. வழக்கமாக முதலில் தருவது புறப்ரனோலோல். எனக்குச் சின்ன வயதில் தொய்வு (ஆஸ்துமா) இருந்ததால் அது சரிவராது என்று அமிற்றிப்ரிலின் 10 மில்லிகிராம் இரவில் தந்தார்கள். மருந்துக்கடையில் ஒருவர் "இது மனவருத்தக் குளிசை அல்லோ?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து அதை அலுமாரியில் வைத்துவிட்டேன், ஒரு மாதம் தொடவில்லை. அந்த மாதத்தை நினைத்தால் இன்னும் கவலை. அதே மருந்து குறைந்த அளவில் வலிப்பாதையை அமைதிப்படுத்தத் தரப்படுகிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாய் காய்ந்தது, முதல் இரண்டு கிழமை காலையில் தூக்கம் கலையவில்லை. இரவு எட்டு மணிக்கே போடத் தொடங்கியதும் சரியாயிற்று. பலன் தெரிய ஆறு கிழமை ஆனது. அதற்குள் "வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு டொக்டர் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார்.

நீங்கள் பெண் என்றால் இதையும் சொல்ல வேண்டும். மைக்ரேன் பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு, மாதவிலக்கை ஒட்டி ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் இறங்கும் நாட்களில் கூடும். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் தடுப்பு மருந்து எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள். வல்புரோயேற், டொபிரமேற் இரண்டும் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியவை. தலையிடிக்கு முன் கண்ணில் ஈர்வாள் பல் போல வளைந்து மின்னும் கோடு வருகிறதா? எனக்கு 20 நிமிடம் அப்படி வரும். அது வருபவர்கள் ஈஸ்ட்ரஜன் உள்ள கருத்தடைக் குளிசை எடுப்பது பக்கவாத ஆபத்தைக் கூட்டும். அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

எல்லாத் தலையிடியும் மைக்ரேன் இல்லை. சட்டென்று இடி விழுந்தது போல உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து மடங்காமை, கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், அடிபட்ட பிறகு வரும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி: இவற்றுக்கு இஞ்சியும் வேண்டாம், கொப்பியும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

கொப்பியில் என்ன எழுதுவது என்று கேட்டால், நான் வரவு இடாப்புப் போலக் கோடு போட்டேன். திகதி, தூங்கி எழும்பிய நேரம், சாப்பிட்ட நேரங்கள், தேத்தண்ணி எத்தனை, தலையிடி தொடங்கிய நேரம், போட்ட குளிசையும் போட்ட நேரமும், மாதவிலக்கு நாளுக்கு ஒரு புள்ளி. இரவில் இரண்டு நிமிடம் போதும். தலை இடிக்காத நாளையும் எழுதுங்கள், எனக்கு ஞாயிறு பிடிபட்டது அந்த வெற்றுக் கட்டங்களால்தான். மூன்று மாதத்துக் கொப்பியோடு டொக்டரிடம் போங்கள்.