ஹிரோஷிகேயின் மழைப் பாலம்: இரண்டு படிகளில் எது அசல்?

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின், பாலத்தின் மேல் மழை கொட்டும் படம் என்று மூன்று படங்களை இணைத்து, முதல் இரண்டு அச்சுப் படிகளில் எது அசல் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே அசலாக இருக்கலாம். ஒன்றில் வானத்தின் உச்சி கன்னங்கரேலென்றும் மற்றதில் வெளிறியும் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

1857-ல் வந்த இந்தப் படம் மரக்கட்டை அச்சு. வரைந்தவர் ஹிரோஷிகே, கட்டையைச் செதுக்கியவர் வேறு, அச்சடித்தவர் வேறு. அந்தக் கருமை கரைந்து மங்குவதை உளியால் கொண்டுவர முடியாது. ஈரக் கட்டையில் வண்ணம் தடவி, ஒரு பக்கமாகக் கையாலேயே கரைத்துவிடுவார்கள். ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக. ‘பொகாஷி’ என்று பெயர். கைவேலை என்பதால் தாளுக்குத் தாள் மாறத்தான் செய்யும், அதுதான் இதன் அழகே.

வானத்தை விட்டுவிட்டு மழைக்கோடுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் அடித்த படிகளில் மயிரிழையாக, அறுபடாமல் ஓடும். கட்டை தேய்ந்த பிறகு அடித்தவற்றில் தடித்தோ இடையிடையே விட்டோ தெரியும்.

ஆனால் பின்னாளில் புதுக்கட்டை செதுக்கி அடித்த மறுபதிப்புகளிலும் கோடு கூர்மையாகவே இருக்கும். அதனால் அருங்காட்சியகக் குறிப்பில் அச்சிட்ட காலத்தையும் பாருங்கள். திரையில் தெரியும் நிறத்தை நம்பவே வேண்டாம்.

சுற்றிலும் ஜப்பானிய எழுத்துகளோடு நீங்கள் மூன்றாவதாக இணைத்திருப்பது அச்சே அல்ல. டச்சு ஓவியர் வான் கோ 1887-ல் பாரிசில் ஹிரோஷிகேயின் அச்சைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. இரண்டிலும் ஆற்றை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஹிரோஷிகேயிடம் வழவழவென்று மங்கும் நீர், வான் கோவிடம் தீற்றல் தீற்றலாகத் துடிக்கிறது.