கதவு மூடினால் மோல்டிங் கோடு படிபோல் விலகுகிறது: பெயின்ட் கடையில் தீராது

1934 ரோல்ஸ்-ராய்ஸ் 20/25 சலூனில் பின்கதவின் இடுப்பு மோல்டிங் (ஜன்னலுக்குக் கீழே பக்கவாட்டில் ஓடும் பட்டை), பூட்டுப் பக்கம் 6 மி.மீ. இறங்கியிருக்கிறது, கழற்றி உயர்த்தி ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மோல்டிங் சரியான இடத்தில்தான் இருக்கும், கதவுதான் தொங்குகிறது.

காரை ஜாக்கில் ஏற்றாமல், சமதளத்தில் சக்கரங்களில் நிறுத்திப் பாருங்கள். ஜாக்கில் சேசிஸ் (அடிச்சட்டம்) வளைந்தால் அளவெல்லாம் பொய். கதவைப் பாதி திறந்து பூட்டு முனையைத் தூக்குங்கள். கீலுக்குள் ஆட்டம் என்றால் அதன் நடுக்கம்பியான பின் (pin) தேய்ந்திருக்கிறது. ரீமர் (துளையைப் பெரிதாக்கும் கருவி) போட்டுப் பெரிய பின் செருகலாம். ஆனால் கணக்குப் போடுங்கள்: கதவு அகலம் 750 மி.மீ., மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 450 மி.மீ. என்றால், 1 மி.மீ. தேய்மானம் சுமார் 1.7 மி.மீ. தொங்கலைத்தான் தரும். 6 மி.மீ. தொங்கலுக்குக் கீல் பின் மட்டும் காரணமாக இருப்பது அரிது.

கீலோடு அது பொருத்தியிருக்கும் தூணும் அசைந்தால், ஆஷ் மரத் தூணின் அடி உளுத்திருக்கிறது. டிரிம்மை (உள்பக்க உறையை) கழற்றி ஊசியால் குத்துங்கள். சுலபமாக இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி, 1:8 சரிவில் (1 பங்கு தடிமனுக்கு 8 பங்கு நீளம்) புது ஆஷ் இணையுங்கள். எபாக்ஸி பிசின் ஊற்றி நிரப்புவது ஏமாற்று வேலை, ஸ்க்ரூ மறுபடி கழன்றுவிடும்.

இரண்டும் அசையவில்லையா? பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவிலுள்ள பேக்கிங் (இடையில் வைக்கும் துண்டு) அமுங்கியிருக்கும். போல்டைத் தளர்த்தி, ஒருமுறைக்கு 1.5 மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) மட்டும் வைத்து, இறுக்கி, நான்கு கதவுகளின் இடைவெளியையும் அளந்து பாருங்கள். ஒன்றைச் சரிசெய்தால் எதிர்க்கதவு முட்டும், அது வழக்கம்தான். கோச்லைன் (பாடியின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய வண்ணக் கோடு) வரைவது கடைசி வேலை.