கம்ப்யூட்டரைத் திறந்தால் டெஸ்க்டாப் காலியாக இருக்கிறது, ‘தற்காலிக புரொஃபைல்’ என்று செய்தி வருகிறது. என் ஃபைல்கள் எல்லாம் போய்விட்டனவா?

பெரும்பாலும் போயிருக்காது. ஆனால் அந்தக் காலி டெஸ்க்டாப்பில் எதையும் சேமித்து வைக்காதீர்கள்.

அப்பாவுக்கு இதே கூத்து நடந்தது. யூபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்த நேரம், ஒரே மதியத்தில் நாலைந்து தடவை கரண்ட் போய் வந்தது. மாலையில் திறந்தால் குடியிருப்போர் சங்கக் கணக்கைக் காணோம். மனுஷர் என்னைக் கூப்பிடாமல் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து மூன்று மணி நேரம் மறுபடி அடித்துவிட்டு, ஷட்டவுன் செய்துவிட்டார். பழைய கணக்கை அப்புறம் முழுசாக மீட்டேன். புதிதாக அடித்ததுதான் போயே போச்சு.

விண்டோஸில் உங்கள் செட்டிங்ஸ் எல்லாம் என்டி-யூசர் டாட் டேட் (NTUSER.DAT) என்ற ஒரு ஃபைலில் இருக்கின்றன. லாகின் செய்யும்போது அதைத் திறக்க முடியாவிட்டால் விண்டோஸ் ‘டெம்ப்’ என்று ஒரு ஃபோல்டரை உருவாக்கி உங்களை அதில் உட்கார வைக்கும். சைன் அவுட் செய்ததும் அதை அழித்துவிடும். அந்த ஃபைலை ஆன்டிவைரஸ் பிடித்து வைத்திருந்தாலும் இப்படி ஆகும் என்பதால், முதலில் இரண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சில சமயம் அதோடு சரியாகிவிடும்.

ஆகவில்லையா? சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருப்பதைத் திறந்து பாருங்கள், ஃபைல்கள் அங்கே இருக்கும். வெளி டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு மற்றதைத் தொடுங்கள். ‘ஃபார்மேட்தான் வழி’ என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள், எங்களிடமும் சொன்னார்கள்.

அடுத்தது ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் செட்டிங்ஸைக் குறித்து வைத்திருக்கும் இடம். அட்மின் உரிமையுள்ள வேறு கணக்கில் நுழைந்து ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜெடிட் (regedit) திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷின் (HKEY_LOCAL_MACHINE), சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட் வெர்ஷன், புரொஃபைல் லிஸ்ட் என்று இறங்குங்கள். கை வைக்கும் முன் அதை எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீள எண்களில் ஒன்று இரட்டையாக இருக்கும். ஒன்றின் வாலில் மட்டும் டாட் போட்டு பி ஏ கே என்று ஒட்டியிருக்கும். அதற்குள் இருக்கும் புரொஃபைல் இமேஜ் பாத் உங்கள் ஃபோல்டரைக் காட்டினால் அந்த வால்காரர்தான் அசல். வால் இல்லாததற்கு வேறு பெயர் கொடுத்துவிட்டு, அசலின் வாலை வெட்டுங்கள். அதற்குள் ஸ்டேட், ரெஃப் கவுன்ட் இருந்தால் அவற்றை 0 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்பாவுடையது இதில்தான் சரியானது.

இரட்டை எண்ணே இல்லை, அல்லது இதற்கும் மசியவில்லை என்றால் அந்த என்டி-யூசர் ஃபைலே கெட்டிருக்கலாம். புதுக் கணக்கு தொடங்கி டாக்குமென்ட்ஸ், படங்கள், டெஸ்க்டாப் ஆகியவற்றை மட்டும் நகலெடுங்கள். என்டி-யூசர் என்று தொடங்கும் எதையும் கொண்டுபோகாதீர்கள், கோளாறும் கூடவே வரும். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் பழைய கணக்கோடு பூட்டப்பட்டவை. கூகுள் கணக்கோடு சிங்க் (sync) போட்டிருந்தால் பிழைத்தீர்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் இதில் எதையும் செய்யாமல் ஐடி ஆளைக் கூப்பிடுங்கள். உங்கள் புரொஃபைல் சர்வரில் இருக்கலாம்.

சரியான பிறகு மறுபடியும் வந்தால் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். அப்பாவுடையதில் அடுத்த மாதமே வந்தது. டிஸ்க்கைச் சோதிக்கும் செக் டிஸ்க் ஓடவிட்டால் பேட் செக்டர்கள், அதாவது கெட்டுப்போன பகுதிகள். எஸ்எஸ்டி மாற்றினேன், யூபிஎஸ்ஸுக்கும் புது பேட்டரி போட்டேன்.