யுனிவர்சிட்டிக்குள்ள ஆராய்ச்சி மையம் தொடங்கறப்போ டைரக்டர் யாருன்னு கேக்கறதுக்கு முன்னாடி

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பாண்டிச்சேரி பக்கம் அசிஸ்டண்ட் புரொஃபசர்னு போட்டிருக்கார். அவங்க யுனிவர்சிட்டியில கடற்கரை ஆராய்ச்சிக்குன்னு ஒரு மையம் தொடங்கப் போறாங்களாம், டைரக்டரா யாரைப் போடறது, எந்த கமிட்டிக்குக் கீழ வைக்கறதுன்னு கேட்டிருக்கார்.

நான் கடலூர் ஓ.டி.காரி, அதான் ஓல்ட் டவுன். வேற ஊர்ல ஒரு யுனிவர்சிட்டியில இதே மாதிரி ஒரு மையத்துல ஆறு வருஷம் ப்ராஜெக்ட் ஃபெலோவா, அதாவது ப்ராஜெக்ட் பணத்துல உதவித்தொகை வாங்கற ஆராய்ச்சியாளரா இருந்தேன், அந்த மையம் இப்போ இல்ல. அதனால நான் முதல்ல கேக்கறது இதைத்தான்: ப்ராஜெக்ட் பணம் தீர்ந்த அடுத்த மாசம் அந்தக் கதவைத் திறக்கற ஆளுக்கு சம்பளம் எந்தக் கணக்குல இருந்து வரும்? இதுக்கு எழுத்துல பதில் வாங்கிட்டு அப்புறம் டைரக்டரைத் தேடுங்க.

ஃபைல் போற வழி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி மாதிரி மத்திய பல்கலைக்கழகம்னா அகாடமிக் கவுன்சில், ஃபைனான்ஸ் கமிட்டி, எக்ஸிக்யூட்டிவ் கவுன்சில். மாநிலப் பல்கலைக்கழகம்னா கடைசியில சிண்டிகேட், அதான் ஆட்சிக்குழு. வி.சி., அதான் துணைவேந்தர், ஆர்வமா இருந்தா சீக்கிரம் நகரும். ஆனா வி.சி. ஆர்வத்துல மட்டும் பிறந்த மையம் அடுத்த வி.சி. வந்ததும் அநாதை ஆயிடும், அதனால வெறும் ஆபீஸ் ஆர்டரோட நிறுத்தாம மையத்தோட விதிகளையும் கவுன்சில்ல வச்சு பாஸ் பண்ணிக்குங்க.

எங்க மையத்துல என்ன ஆச்சுன்னா, டைரக்டர் நல்ல மனுஷன், உண்மையிலேயே உழைச்சவர், ரிட்டயர் ஆனார். வேற டிபார்ட்மெண்ட் எச்ஓடிக்கு, அதான் துறைத் தலைவருக்கு, கூடுதல் பொறுப்புன்னு ஆர்டர் வந்துது, அவருக்கு தன் டிபார்ட்மெண்ட் வேலையே தலைக்கு மேல. குடுத்த பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவழிச்சோம்னு காட்டற பயன்பாட்டுச் சான்றிதழ், அதான் யூசி, அந்த 12-ஏ படிவம், அதுல யார் கையெழுத்து போடறதுங்கற இழுபறியிலேயே எட்டு மாசம் போச்சு, யூசி போகாததால அடுத்த தவணை வரல, தவணை வராததால எங்க ஃபெலோஷிப் நின்னுது. பணம் இல்லாம அந்த மையம் சாகல, கையெழுத்து போட ஆள் இல்லாம செத்துது.

மூடினப்போதான் இன்னொண்ணு தெரிஞ்சுது. மைக்ரோஸ்கோப், சென்ட்ரிஃபியூஜ் எல்லாம் மையத்தோட ஸ்டாக் ரெஜிஸ்டர்லயே இல்ல, ப்ராஜெக்ட் வாங்கின புரொஃபசரோட டிபார்ட்மெண்ட் ரெஜிஸ்டர்ல இருந்துது, அவங்க வந்து எடுத்துட்டுப் போய்ட்டாங்க. யாருக்கும் வேணாம்னு மிஞ்சினது எங்க மீன் பாட்டில்கள். எங்க ஊர் தேவனாம்பட்டினம் கரையில விடியக்காலம் நின்னு வலையிலேருந்து வாங்கி, ஃபார்மலின்ல வச்சு, அப்புறம் ஸ்பிரிட்டுக்கு மாத்தி, தேதியும் இடமும் எழுதின சீட்டை பாட்டிலுக்குள்ளயே போட்டு வச்சது. சீட்டை பென்சில்லதான் எழுதணும், பேனா மை ஸ்பிரிட்ல கரைஞ்சிடும். எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஸ்பிரிட் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாயிட்டே இருக்கும், அப்பப்போ பாத்து ஊத்தணும், அதுக்குப் பெரிய விஞ்ஞானி வேணாம், சாவியும் சம்பளமும் உள்ள ஒரு ஆள் போதும். அந்த ஆள் எங்களுக்கு இல்ல. ஒரு வருஷம் கழிச்சு போய்ப் பாத்தேன், பாதி பாட்டில்ல மீன் கருவாடு மாதிரி சுருங்கி அடியில கெடக்கு, பென்சில் எழுத்து மட்டும் அப்படியே இருக்கு.

கார்பஸ் ஃபண்ட், அதாவது முதலைத் தொடாம வட்டியை மட்டும் செலவழிக்கற நிதி, வச்சா போதுமேன்னு சொல்வாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. 1 கோடியை டெபாசிட்ல போட்டு 7 சதவீதம் வட்டின்னா வருஷத்துக்கு 7 லட்சம். ஆராய்ச்சி மாணவருக்குக் குடுக்கற ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023-லேருந்து மாசம் 37,000, வீட்டு வாடகைப்படி சேக்காமலே ஒரு ஆளுக்கு வருஷம் 4,44,000. மிச்சம் 2,56,000-ல கரண்ட், கெமிக்கல், படகு வாடகை எல்லாத்தையும் சமாளிக்கணும். 1 கோடின்னு கேக்கும்போது பெருசாத்தான் இருக்கு, ஒரு ஆளை வச்சுக்கவே அது சரியாப் போயிடுது.

எங்க கடலூர் மாவட்டத்துலயே நிலைச்சு நிக்கற ஒண்ணு இருக்கு, பரங்கிப்பேட்டையில, வெள்ளாறு கடல்ல சேர்ற இடத்துல, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம். விலங்கியல் பேராசிரியர் ஆர்.வி. சேஷையா ஆரம்பிச்சது. 2013-ல சட்டம் போட்டு பல்கலைக்கழகத்தையே மாநில அரசு எடுத்துக்கிட்டப்பவும் அது அங்கதான் இருந்துது. எனக்குத் தோணற காரணம், அங்க ஆராய்ச்சியோட எம்.எஸ்சி. வகுப்பும் நடக்குது. வருஷா வருஷம் பிள்ளைங்க வந்தா வாத்தியார் போஸ்ட் வேணும், வாத்தியார் இருந்தா லேப் திறக்கணும், லேப் திறந்தா பாட்டிலையும் யாராவது பாப்பாங்க. பிச்சாவரம் அலையாத்திக் காடு பக்கத்துலயே இருக்கறதும் ஒரு பலம். முடிஞ்சா உங்க மையத்துலயும் ஒரு கோர்ஸ் வையுங்க, சின்னதா இருந்தாலும் பரவால்ல.

இப்போ கமிட்டி விஷயத்துக்கு வரேன். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது கூடற சின்ன கமிட்டி போதும், அதுல ஃபைனான்ஸ் ஆபீஸரோ அவர் அனுப்பற ஆளோ கட்டாயம் இருக்கட்டும், வெளியிலேருந்து ரெண்டு பேர், உங்க மையம் கடற்கரைன்னா அதுல ஒருத்தர் மீனவர். டைரக்டருக்கு மூணு வருஷம்னு வரையறை வச்சு, அவர் லீவுல போனாலும் ரிட்டயர் ஆனாலும் கையெழுத்து யார்னு பதவிப் பேரோட எழுதிடுங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒரு ரிவ்யூ. அப்புறம் மூடற பிரிவு, இதை எழுதத்தான் எல்லாரும் கூச்சப்படுவாங்க, தொடங்கறப்பவே ஏன் அபசகுனமான்னு. எழுதுங்க. மூடினா கருவி யாருக்கு, டேட்டா எங்க, சாம்பிள் எந்த டிபார்ட்மெண்ட் அலமாரிக்கு, பாதியில நிக்கற பிஎச்டி பிள்ளைங்களுக்கு யார் கைடு.

எங்க பாட்டில்கள்ல உருப்படியா இருந்த நாப்பதை அந்த யுனிவர்சிட்டி விலங்கியல் துறையில ஒரு மேடம் தன் சொந்தப் பொறுப்புல வாங்கி வச்சிருக்காங்க. போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்போ கரையில ஒரு பெரியவர் பாத்துட்டு, "ஏம்மா, எங்கிட்ட வாங்கிப் புட்டியில போட்டியே அந்த மீனு, இன்னும் இருக்கா?"ன்னு கேட்டார். அவர் குடுத்த திருக்கைக் குட்டி அந்த நாப்பதுல இருக்கு, இருக்குங்க ஐயான்னு சொன்னேன்.