உணவுக் கோளாறுகளை மருத்துவப் பதிவுகளில் தேடுவது: வாசகர் கேள்விகள்

மருத்துவமனைப் பதிவுகளை வைத்து, எத்தனை பேருக்கு உணவுக் கோளாறு இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. சிகிச்சைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்றுதான் சொல்ல முடியும், வராதவர்களே அதிகம். அதிலும் அட்மிஷன் கணக்கை மட்டும் எடுத்தால், எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் அனோரெக்சியாதான் பெரிதாகத் தெரியும். உடல் வற்றி, நாடித்துடிப்பு இறங்கி வார்டில் சேர்வது அவர்கள்தானே. கட்டுப்பாடின்றி அளவுக்கு மீறிச் சாப்பிடும் கோளாறு அதைவிடப் பரவலானது, ஆனால் அதற்காகப் படுக்கையில் சேர்ப்பது அபூர்வம்.

நோய்களுக்கான உலகக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10இல், உணவுக் கோளாறுகளுக்குரிய எஃப்50 என்று தேடினால் எல்லோரும் கிடைப்பார்களா?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு கல்லூரி மாணவி மயங்கி விழுந்து எமர்ஜென்சிக்கு வருகிறார் என்று வையுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 2.6. டிரிப்ஸ் ஏற்றி, ஈசிஜி பார்த்து, மறுநாள் அனுப்பிவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பது ஈ87.6, அதாவது பொட்டாசியம் குறைவு, அவ்வளவுதான். பொட்டாசியம் இறங்கியதற்குக் காரணம், சாப்பிட்டதும் அவரே வாந்தியை வரவழைப்பது. அதை அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கேட்டு எழுதியிருந்தாலும் உணவுக் கோளாறு மூன்றாவது, நான்காவது நோயறிதலாகத்தான் பதிவாகியிருக்கும். அதனால் முதன்மை நோயறிதலோடு நிறுத்தாமல் பதிவில் நோயறிதல் எழுதும் எல்லாக் கட்டங்களிலும் தேடுங்கள். ஆண்களிடம் இந்தச் சந்தேகமே எழுவது குறைவு. அவர்கள் இன்னும் எளிதாக விடுபட்டுப்போவார்கள்.

எங்கள் வரைபடம் ஓர் ஆண்டில் சட்டென்று ஏறுகிறது. நோய் கூடிவிட்டதா?

முதலில் நோயறிதல் விதி மாறியதா என்று பாருங்கள். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு, அளவுமீறிச் சாப்பிடுவதைத் தனி நோயாக ஏற்றது. அனோரெக்சியாவுக்கு மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11இல் குறியீடுகளே வேறு. அடுத்து, நீங்கள் எண்ணுவது ஆட்களையா, அட்மிஷன்களையா? ஒரே நோயாளி திரும்பத் திரும்பச் சேர்வது இந்த நோயில் சகஜம்.

அதற்காக எல்லா ஏற்றத்தையும் பதிவுக் குளறுபடி என்று தள்ளிவிடவும் கூடாது. கோவிட் காலத்தில் பல நாடுகளில் வளரிளம் பெண்களின் அட்மிஷன் கூடியது. வெவ்வேறு பதிவு முறைகளில் ஒரே சமயத்தில் அது தெரிந்ததால், குறியீட்டின் மேல் பழிபோட வழியில்லை.

பெயரை நீக்கிவிட்டு ஊர்வாரியாக வெளியிடலாமா?

கூடாது. சின்ன ஊர், 14 வயது, பையன், அனோரெக்சியா என்றாலே ஆள் தெரிந்துவிடும். ஐந்துக்குக் கீழான எண்ணிக்கையை மறையுங்கள். மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி அட்டவணையில் இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும்.