திரைக்குப் பின்னால் நடக்கும் ஒடிஷன் நியாயமானதா? சேர்ந்த வேலை நிலைக்குமா?

வெளிநாட்டில் வயலின் படிக்கும் மகள் அங்கேயே ஒரு சிம்பொனி இசைக்குழுவில் சேர நினைக்கிறாள், ஆளைப் பார்க்காமல் திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்து எடுக்கிறார்களாமே, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கொழும்பில் வயலின் வாசிப்பவன். திரையை நம்பலாம். திரையை எடுத்த பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் நன்றாக விசாரிக்க வேண்டும்.

பொஸ்டன் சிம்பொனி 1952இல் இந்த முறையைக் கொண்டுவந்தது. மற்ற அமெரிக்க இசைக்குழுக்களில் பெரும்பாலானவை எழுபது, எண்பதுகளில் பின்பற்றின. செருப்புச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக்கூடாது என்று கம்பளம்கூட விரிப்பார்கள். சில இடங்களில் இறுதிச் சுற்றில் திரையை எடுத்துவிடுகிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆபி கொனன்ட் என்ற பெண், ட்ரொம்போன் என்னும் பித்தளை ஊதுவாத்தியக் கலைஞர். அவரின் கதையை மகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 1980இல் ஜெர்மனியின் மியூனிக் பில்ஹார்மொனிக் இசைக்குழுவின் முதன்மை ட்ரொம்போன் இடத்துக்கு விண்ணப்பித்தார். பதில் கடிதம் அவரை ஆண் என்று நினைத்தே வந்தது. திரைக்குப் பின்னால் வாசித்தார், தேர்வானார். தகுதிகாண் காலத்தையும் முடித்தார். அதற்குப் பிறகு, 1982இல், இரண்டாம் ட்ரொம்போனுக்கு இறக்கிவிட்டார்கள். உடல் வலு போதாது என்ற காரணத்தை மறுக்க மருத்துவச் சோதனைக்குப் போனார், நிபுணர் முன் வாசித்துக் காட்டினார். பல வருடம் வழக்காடித்தான் இடத்தைத் திரும்பப் பெற்றார். ஆண்களுக்குக் கொடுத்த அதே சம்பளத் தரத்துக்கு மறுபடியும் வழக்கு. இவ்வளவும் திரை போட்டு நேர்மையாக எடுக்கப்பட்ட ஒருவருக்கு நடந்தது!

நியூயோர்க் பில்ஹார்மொனிக் மீது 1969இல் இரண்டு கறுப்பினக் கலைஞர்கள் முறைப்பாடு செய்தார்கள். நிரந்தர இடம் மறுக்கப்பட்டதில் பாகுபாடு இருந்ததாக நகர மனித உரிமை ஆணைக்குழு ஏற்கவில்லை. ஆனால் பதிலாளாகவும் மேலதிகமாகவும் வாசிக்க ஆள் கூப்பிடும் விதத்தில் பாகுபாடு இருந்தது என்று 1970இல் சொன்னது. ஒடிஷன் இல்லாமல், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று போகும் இடம் அது.

கொழும்பில் எங்கள் பிழைப்பு முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது. வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு அரங்கேற்றம் என்றால் மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் எல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிவாகும். ஒத்திகைக்குத் தனிப் பணம் கிடையாது. கடைசி வாரத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டால் கேட்க வழியில்லை. எனக்கும் நடந்திருக்கிறது, காரணம் இன்றுவரை சொல்லவில்லை. மாதச் சம்பள வேலையில் ஊழியர் சேமலாப நிதிக்கு நம் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், அதைவிட நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். பதினைந்து பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் இருந்தால் பணிக்கொடையும் உண்டு. முப்பது வருடம் மேடையில் பக்கவாத்தியம் வாசித்தவருக்கு இதில் ஒன்றும் வராது. அவரை யாரும் ஊழியராகக் கணக்கெடுப்பதே இல்லையே.

அதனால் வெளிநாட்டு இசைக்குழுவில் நிரந்தர இடம் என்ற ஒன்று இருப்பதே பெரிய விசயம். மகள் அதற்குத் தைரியமாக முயற்சி செய்யட்டும். விண்ணப்பிக்கும் முன் சிலதைக் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். திரை கடைசிச் சுற்றுவரை இருக்குமா? தகுதிகாண் காலம் எவ்வளவு? ஒன்று, இரண்டு வருடம் வழமை. அது முடியும்போது முடிவெடுப்பது யார், இசைக்குழுவை வழிநடத்தும் இசை நடத்துநரா, கலைஞர்களின் வாக்கா? பெர்லின் பில்ஹார்மொனிக்கில் கலைஞர்களே வாக்களிக்கிறார்கள். குறை இருந்தால் இடையிலேயே எழுத்தில் சொல்வார்களா, கடைசி நாளில்தான் சொல்வார்களா? அப்புறம், அங்கே தொழிற்சங்கம் இருந்தால் முதல் மாதமே சேர்ந்துவிடச் சொல்லுங்கள்.