நைட் டூட்டியில் நடக்கிற நடை உடற்பயிற்சி ஆகுமா?

கேள்வி: எனக்கு 34 வயது, ஸ்டாஃப் நர்ஸ். மாதத்தில் பத்து நாள் நைட். ஒரே வருடத்தில் இரண்டு முறை இடுப்பு பிடித்துக்கொண்டது, இரண்டுமே விடியற்காலையில் பேஷண்டைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது. ராத்திரி முழுக்க நடக்கிறேனே, அது போதாதா? டூட்டி முடிந்ததும் ஜிம்முக்குப் போகட்டுமா?

பதில்: வேண்டாம், நேராக வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். உங்கள் இடுப்பு விடியற்காலையில் பிடித்ததற்குக் காரணம் உண்டு. 3 மணியிலிருந்து 5 மணிவரை உடல் சூடு மிகவும் இறங்கியிருக்கும், தசைக்குப் பலம் குறைவு, கவனமும் மந்தம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையது போலத் தடுமாறும் என்று 1997-இல் ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காலை 6 மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மதியம் கண் மூடாமல் டூட்டிக்கு வருகிறவருக்கு அந்த 17 மணி நேரம் ராத்திரி 11-க்கே முடிந்துவிடுகிறது. ஊசி கையில் குத்திக்கொள்வதும் வண்டியில் வீடு திரும்பும்போது கண் சொருகுவதும் இதனால்தான். முதல் நைட்டுக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரமாவது படுத்தே ஆக வேண்டும், வீட்டில் யார் என்ன சொன்னாலும் சரி.

வார்டில் நடப்பது நாலு எட்டு வைத்து நிற்கிற நடை. கால் வலிக்கும், ஆனால் இடுப்பையும் முதுகையும் தாங்குகிற தசை அதில் வளராது. ஆஃப் நாளில், வாரம் இரண்டு முறை, 20 நிமிடம் போதும்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி இறக்குவது, பிளாங்க் (குப்புற இருந்து முன்கையையும் கால்விரலையும் ஊன்றி உடலை நேராக நிறுத்துவது). நைட் இருக்கும் நாளில் சாயங்காலம் தூங்கி எழுந்தபின் கொஞ்சம் நடந்தால் போதும்.

ஆனால் எவ்வளவு பலம் சேர்த்தாலும் பேஷண்டைத் தனியாகத் தூக்காதீர்கள். அமெரிக்காவில் பேஷண்டைக் கையால் தூக்கப் பரிந்துரைத்திருக்கும் வரம்பே சுமார் 16 கிலோதான், நாம் 70 கிலோ ஆளை ஒற்றையாகப் புரட்டுகிறோம்! 'முதுகை நிமிர்த்தித் தூக்கு' என்று வகுப்பெடுப்பதால் மட்டும் காயம் குறைவதில்லை. கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள், அடியில் மடித்த விரிப்பைப் போட்டு இரண்டு பேராக இழுங்கள், அட்டெண்டர் வர ஐந்து நிமிடம் ஆனாலும் காத்திருங்கள்.

அப்புறம், வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கட்டுப்படவில்லை அல்லது பிரியவில்லை என்றால் அன்றைக்கே, காத்திருக்காமல்.